டிஸ்க் ஏற்காத கோப்பு வேலைகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

கலியாண வீடியோ பென்ட்ரைவில் ஏறவில்லை. ஸ்கான் செய்த போல்டரை வெளி வன்தட்டுக்கு மாற்றினால் பாதிக் கோப்பு வந்து சேரவில்லை. கம்பஸ் புரொஜெக்ட் வீட்டுக் கணினியில் ஓடுகிறது, பென்ட்ரைவில் ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் கணினி பார்த்துக் கொடுக்கிற எவரிடமும் இந்த முறைப்பாடுகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். கொண்டுவருகிறவர் பெரும்பாலும் பென்ட்ரைவ் பழுதென்று முடிவுகட்டிவிட்டுத்தான் வருவார். லினக்ஸ் பழகிய பிள்ளைகள் என்றால் பெர்மிஷன் பிழை என்பார்கள். சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டுப் பார்த்திருப்பார்கள், அதுவும் சரிவராமல் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துப் பார்த்திருப்பார்கள்.

அனேகமாக இரண்டுமே காரணமில்லை. ஒவ்வொரு டிஸ்கும் ஏதோ ஒரு கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை டிஸ்கில் எழுதிவைக்கும் ஒழுங்கில், ஃபோமட் செய்யப்பட்டிருக்கும். நாம் கேட்கிற வேலையை அந்த முறைமை செய்யவே மாட்டாது என்றால் ரூட் என்ற முழு அதிகாரமுள்ள பயனாளர் கேட்டாலும் நடக்காது.

ஆகவே முதலில் அது எந்த முறைமை என்று பாருங்கள். விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸைத் திறந்தால் தெரியும். லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையைச் சின்ன 'எஃப்' தெரிவோடு கொடுங்கள். கோப்பு போகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள், வருகிற இடத்தையும் பாருங்கள். இங்கே கைக்கு வருவது பெரும்பாலும் நாலு வகைதான். பழைய பென்ட்ரைவிலும் சின்ன மெமரி கார்டிலும் ஃபாட்32, பெரிய கார்டில் எக்ஸ்ஃபாட், விண்டோஸ் வன்தட்டில் என்.டி.எஃப்.எஸ், லினக்ஸில் எக்ஸ்ட்4. மக் பாவிப்பவர் என்றால் ஏ.பி.எஃப்.எஸ் அல்லது அதற்கு முந்திய எச்.எஃப்.எஸ் பிளஸ்.

லினக்ஸில் பிழைச் செய்தியோடு ஓர் எண்ணும் உண்டு. நிரல் எழுதுகிறவர்களுக்கு உதவும் என்பதால் அந்தந்த இடத்தில் எண்ணையும் தருகிறேன்.

"இடம் இருக்கு, ஆனா ஏறுதில்லை"

பென்ட்ரைவில் 20 ஜிபி சும்மா கிடக்கிறது, 6 ஜிபி வீடியோ ஏறவில்லை. விண்டோஸ், இந்தக் கோப்பு இந்த டிஸ்குக்குப் பெரிது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும். லினக்ஸில் கொப்பி ஓடிக்கொண்டே போய் 4 ஜிபியைத் தொட்டதும் 'ஃபைல் டூ லார்ஜ்' என்று நிற்கும். பிழை எண் 27. அரைவாசியில் நின்ற கோப்பு அங்கேயே கிடக்கவும் கூடும். அதை உடனே அழியுங்கள், இல்லாவிட்டால் யாராவது முழு வீடியோ என்று நம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இது ஃபாட்32. ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. ஆகக் கூடியது 4,294,967,295 பைட், அதற்கு மேல் ஒரு பைட்டும் ஏறாது.

டிஸ்கில் உள்ளது போனாலும் பரவாயில்லை என்றால் எக்ஸ்ஃபாட்டில் ஃபோமட் செய்யுங்கள். உள்ளதை அழிக்காமல் மாற்ற வேண்டுமானால் விண்டோஸின் 'கன்வேர்ட்' கட்டளை ஃபாட்32ஐ என்.டி.எஃப்.எஸ் ஆக மாற்றும். ஆனால் அதே கட்டளையால் திரும்ப ஃபாட்டுக்கு வர முடியாது, எக்ஸ்ஃபாட்டுக்கும் போக முடியாது.

ஸ்ரூடியோக்காரரின் சிக்கல் வேறு. வாடிக்கையாளர் பென்ட்ரைவை ரீவியில் செருகித்தான் பார்க்கப் போகிறார், பழைய ரீவிகள் பலவற்றுக்கு ஃபாட்32ஐ விட்டால் வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. எனவே வீடியோவைத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். செக்கனுக்கு 25 மெகாபிட் வீதம் எடுத்த வீடியோ ஏறத்தாழ 23 நிமிடத்தில் அந்த எல்லையை முட்டிவிடும். இரண்டரை மணித்தியாலக் கலியாணத்தை ஒரே கோப்பாக அடக்கப் பார்த்தால் ஒலியோடு சேர்த்து 3.8 மெகாபிட்டுக்கு இறக்க வேண்டும். கூறைச் சேலையின் சரிகை எல்லாம் கரைந்து போகும். பொன்னுருக்கல் ஒன்று, தாலிகட்டு ஒன்று, றிசெப்ஷன் ஒன்று என்று சடங்குவாரியாக வெட்டிக் கொடுப்பதுதான் நல்லது. பார்க்கிறவர்களுக்கும் அதுதான் வசதி. ஸிப் கோப்பைத் துண்டு துண்டாக்கிக் கொடுக்கும் வழி கணினிக்கு மட்டும் சரிவரும், ரீவி அதைத் திறக்காது.

கமெராவிலும் இதே எல்லைதான். 32 ஜிபி வரையான எஸ்.டி.எச்.சி கார்டுகள் ஃபாட்32, அதற்கு மேல் வருகிற எஸ்.டி.எக்ஸ்.சி கார்டுகள் எக்ஸ்ஃபாட். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நின்று எடுக்கிறவர்களுக்குத் தெரியும்: சின்னக் கார்டில் கமெரா தானாகவே பதிவைத் துண்டாக்கிக்கொண்டு போகும். அந்தத் துண்டுகளைக் கோப்பாக ஒட்டிவிட்டால் பெரும்பாலும் ஓடாது. கமெராவோடு வந்த மென்பொருளாலோ எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவியாலோ முறையாக இணைக்க வேண்டும்.

கொப்பி முடிந்தது, ஆனால் 'ஒப்பரேஷன் நொட் பெர்மிட்டட்' வரிசையாக வந்தது

பிழை எண் 1. சூடோ போட வைக்கிற செய்தி இதுதான்.

ஃபாட்32, எக்ஸ்ஃபாட் இரண்டிலும் கோப்புக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற குறிப்பும் இல்லை. சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) இல்லை, ஹார்ட்லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) இல்லை, பைப், சொக்கெட் போன்ற விசேட கோப்புகளும் இல்லை. லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது, அதாவது டிஸ்கைக் கணினியோடு இணைக்கும்போது, காட்டுகிற உரிமையாளரும் அனுமதியும் டிஸ்கில் எழுதியிருப்பவை அல்ல. மவுண்ட் தெரிவுகளை வைத்துக் கேர்னல் (லினக்ஸின் கரு) எல்லாக் கோப்புக்கும் பொதுவாக ஒட்டிவிடுகிற சீட்டு அது. 777 கொடுத்தும் மாறாதது அதனால்தான். மாற்ற வேண்டுமானால் கழற்றிவிட்டு, யூஐடி (உரிமையாளர்), ஜிஐடி (குழு), யூமாஸ்க் (அனுமதி) தெரிவுகளை விரும்பியபடி கொடுத்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும்.

கோப்புகளை ஒத்திசைத்துக் கொப்பி பண்ணும் ஆர்சிங்கை 'ஏ' தெரிவோடு கொடுத்தால் உரிமையாளர், குழு, அனுமதி, சிம்லிங்க் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோகச் சொல்கிறோம் என்று அர்த்தம். ஃபாட் டிஸ்கில் கோப்பின் உள்ளடக்கம் போய்ச் சேரும், மற்றவற்றுக்கு ஆயிரம் முறைப்பாடு வரும், கடைசியில் 23 என்ற வெளியேறும் எண்ணோடு நிற்கும். 'ஏ'யை எடுத்துவிட்டு 'ஆர்', 'டி' இரண்டையும் மட்டும் கொடுங்கள். உள்ளே சிம்லிங்க் இருந்தால் பெரிய 'எல்'லைச் சேருங்கள், லிங்க் காட்டுகிற அசல் கோப்பையே எடுத்துக்கொண்டு வரும்.

அனுமதியும் லிங்கும் கட்டாயம் தப்ப வேண்டும் என்றால், உதாரணத்துக்கு ஒரு சேர்வரின் பக்கப் எடுக்கிறீர்கள் என்றால், போல்டரை 'தார்' கட்டளையால் கட்டி ஒரே கோப்பாக ஏற்றுங்கள். எல்லா விபரமும் தாருக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே இருப்பது ஃபாட்டா எக்ஸ்ஃபாட்டா என்ற கவலை அதற்கு இல்லை. தார் 4 ஜிபி தாண்டினால் ஃபாட்32இல் மேலே சொன்ன கதைதான், 'ஸ்ப்ளிட்' கொண்டு துண்டாக்க வேண்டும். நிரந்தர பக்கப் டிஸ்க் என்றால் இந்த வித்தை ஒன்றும் தேவையில்லை. எக்ஸ்ட்4இல் ஃபோமட் செய்து, 'விண்டோஸில் செருக வேண்டாம்' என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். விண்டோஸ் அதைக் கண்டதும் ஃபோமட் செய்யட்டுமா என்று கேட்கும், யாராவது ஓம் என்று அமத்திவிடுவார்கள்.

புரொஜெக்ட் பென்ட்ரைவில் ஓடவில்லை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கும் கிளிநொச்சி வளாகத்துக்கும் பென்ட்ரைவோடு ஓடித் திரிகிற மாணவர்களுக்கான பகுதி இது.

ஸ்கிரிப்டை ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்' வருகிறதா? உபுண்டு, மின்ட் போன்றவற்றில் ஃபாட் பென்ட்ரைவ் தானாக மவுண்ட் ஆகும்போது ஈஎக்ஸ்ஈ, கொம், பட் என்று முடிகிற கோப்புகளுக்கு மட்டும்தான் ஓடும் அனுமதி இருக்கும். ஸ்கிரிப்டை நேரே ஓட்டாமல் முன்னால் 'பாஷ்' அல்லது 'பைத்தன்' போட்டு ஓட்டுங்கள், வேலை முடிந்தது.

பைத்தனின் வேர்ச்சுவல் என்வயர்மென்ட் உள்ளுக்குள் சிம்லிங்க் போடும், எனவே அதைப் பென்ட்ரைவில் உருவாக்கவே வேண்டாம். கணினியின் சொந்த டிஸ்கில் உருவாக்கிவிட்டுத் தேவையான நூலகங்களின் பட்டியலை மட்டும் பென்ட்ரைவில் கொண்டு திரியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவும் என்.பி.எம் இன்ஸ்டோலும் சிம்லிங்கில்தான் விழும். அதற்கு 'நோ பின் லிங்க்ஸ்' என்ற தெரிவு இருக்கிறது. 'கிட்' என்ற, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியில் ஒரு வரியும் மாற்றாமல் எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டினால், அது அனுமதி பிட்டின் வேலை. அந்த ரெப்போவில் (புரொஜெக்டின் கிட் களஞ்சியத்தில்) மட்டும் 'கோர் ஃபைல்மோட்' அமைப்பை 'ஃபோல்ஸ்' ஆக்குங்கள். என்னைக் கேட்டால், பென்ட்ரைவில் வைத்து வேலை செய்வதை விட்டுவிட்டு கிட்டில் புஷ் செய்துவிட்டு வெறுங்கையோடு போவதே நல்லது.

'ஒப்பரேஷன் நொட் சப்போர்ட்டட்'

பிழை எண் 95. நேர்மையான செய்தி, இந்த வேலை எனக்குத் தெரியாது என்று ஒளிக்காமல் சொல்கிறது.

அதிகம் காண்பது போனில். போனைக் கேபிளில் செருகி, அதிலிருக்கிற வீடியோவை அங்கேயே வைத்து எடிட் செய்யவோ சேமிக்கவோ பார்ப்பார்கள். திரையில் போல்டர் மாதிரித் தெரிந்தாலும் அது மவுண்ட் ஆன டிஸ்க் இல்லை, எம்.டி.பி என்ற பரிமாற்ற முறை. கோப்பை முழுசாகக் கொடுப்பதும் முழுசாக வாங்குவதும்தான் அதன் வேலை. நடுவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி எழுதுவதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. முதலில் கணினிக்குக் கொப்பி பண்ணி, வேலையை முடித்து, தேவையானால் திருப்பி அனுப்புங்கள்.

லினக்ஸில் வேறு மூன்று இடத்தில் இதே செய்தி வரும். ஒன்று, ரீஃப்ளிங்க் கொப்பி. பீட்டர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்ற லினக்ஸ் முறைமைகள் இரண்டிலும் கோப்பின் தரவை நகலெடுக்காமல் கண நேரத்தில் இன்னொரு பிரதி உண்டாக்கலாம், எக்ஸ்ட்4இல் முடியாது. கொப்பிக் கட்டளையில் அதற்கான தெரிவை 'ஓல்வேஸ்' என்று வைத்திருந்தால் 'ஓட்டோ' ஆக்குங்கள், முடிந்தால் செய்யும், முடியாவிட்டால் வழமைபோலக் கொப்பி பண்ணும். இரண்டு, ஃபாட், எக்ஸ்ஃபாட் டிஸ்கில் ஏ.சி.எல் (ஆளுக்கு ஆள் வேறு அனுமதி தரும் பட்டியல்) வைப்பது. மூன்று, கோப்பை மாற்றமுடியாதபடி பூட்ட 'சிஎச்ஆட்டர்' கொடுப்பது, இதற்குச் செய்தி 'இன்அப்ரோப்ரியேட் ஐஓசிடிஎல்' என்றும் வரலாம். கடைசி இரண்டுக்கும் மாற்று வழி கிடையாது. அந்த வசதி வேண்டுமென்றால் டிஸ்கின் முறைமையைத்தான் மாற்ற வேண்டும்.

'இன்வலிட் க்ரொஸ்-டிவைஸ் லிங்க்'

பிழை எண் 18. ஒரு கோப்பை ஒரே டிஸ்குக்குள் இடம் மாற்றினால் பெயர்ப் பதிவு மட்டும்தான் மாறும், 50 ஜிபி என்றாலும் கண் மூடித் திறக்கும் முன் முடிந்துவிடும். வேறு டிஸ்குக்கு என்றால் பெயரை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, தரவு முழுவதும் நகர வேண்டும். 'எம்வி' கட்டளை இதை அறிந்து தானாகவே கொப்பி பண்ணிவிட்டுப் பழையதை அழிக்கும். நிரலுக்குள் வெறும் ரினேம் அழைத்திருந்தால் அப்படி நடக்காது, பிழைதான் வரும். பைத்தனில் 'ஓஎஸ் ரினேம்' இருக்கிற இடத்தில் 'எஸ்எச்யூடில் மூவ்' போட்டால் தீரும். பீட்டர்எஃப்எஸ்ஸில் ஒரே பார்ட்டிஷனின் இரண்டு சப்வொலியூமுக்கு நடுவிலும் ரினேம் இதே பிழையைத் தரும். ஒரே டிஸ்க்தானே, ஏன் என்று தலையைப் பிய்க்க வேண்டாம்.

தற்காலிகக் கோப்பை 'டெம்ப்' போல்டரில் எழுதிவிட்டு, முடிந்ததும் உரிய இடத்துக்கு ரினேம் செய்கிற நிரல்கள் அடிக்கடி இதில் மாட்டும். பல லினக்ஸ்களில் டெம்ப் என்பது நினைவகத்தில் இருக்கிற தனி முறைமை. தற்காலிகக் கோப்பை இறுதிக் கோப்பு இருக்கப்போகிற போல்டரிலேயே எழுதுங்கள். அப்போது ரினேம் ஒரே வீச்சில் நடக்கும், இடையில் கரன்ட் போனாலும் முழுப் பழையதோ முழுப் புதியதோதான் மிஞ்சும், பெயர் மாற்றுமுன் தரவை டிஸ்குக்கு ஃப்ளஷ் செய்திருந்தால். கரன்ட் நினைத்த நேரம் போய்வருகிற இடத்தில் பெரிய போல்டரைக் கட் பண்ணிப் பேஸ்ட் பண்ணாதீர்கள். கொப்பி பண்ணி, எண்ணிக்கையும் அளவும் சரிபார்த்து, டிஸ்கை முறையாகக் கழற்றிச் செருகித் திறந்து பார்த்துவிட்டு, பிறகு பழையதை அழியுங்கள்.

நேற்று எழுதியது, இன்று 'ரீட்-ஒன்லி'

எண் 30. என்.டி.எஃப்.எஸ் டிஸ்க் லினக்ஸில் இப்படி வந்தால் முதல் சந்தேகம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மேல். விண்டோஸ் 8 முதல் 'ஷட்டவுன்' என்பது உண்மையில் அரைத் தூக்கம்தான், டிஸ்கின் சில விபரங்களைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொண்டு போகிறது. அந்த நிலையில் லினக்ஸ் எழுத மறுப்பது நம் நன்மைக்கே. விண்டோஸுக்குத் திரும்பிப் போய் ஷிஃப்ட் விசையை அமத்திக்கொண்டு ஷட்டவுன் செய்யுங்கள், இல்லை ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையே நிறுத்திவிடுங்கள். வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்யும் தெரிவுகளை இணையத்தில் பார்த்து அடிக்க வேண்டாம்.

ஃபாட் பென்ட்ரைவ் நடுவில் திடீரென்று இப்படி மாறினால், டிஸ்கில் பிழை கண்டு கேர்னலே எழுதுவதை நிறுத்தியிருக்கும். முறைப்படி கழற்றாமல் பிடுங்குவதுதான் வழமையான காரணம். முதலில் உள்ளதை வேறிடத்துக்கு எடுங்கள், பிறகு விண்டோஸில் 'செக் டிஸ்க்' ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் எழுத மாட்டேன் என்றால் அது சாகப்போகிற பென்ட்ரைவ், காசைப் பார்க்காமல் மாற்றுங்கள். எஸ்.டி கார்டு என்றால் இத்தனைக்கும் முதல், அதன் பக்கவாட்டில் இருக்கிற சின்னப் பூட்டு கீழே தள்ளுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மக்கில் என்.டி.எஃப்.எஸ் வாசிக்க மட்டும்தான் வரும், அது பழுதில்லை.

பெயரில் மாட்டுவது

1981 இல் நூலகம் எரிந்த ஊர் இது. பழைய மலர், சஞ்சிகை என்றால் ஸ்கான் செய்து வைத்துவிட வேண்டும் என்று பலருக்கும் ஒரு துடிப்பு உண்டு. அந்த வேலைகளில்தான் பெயர்ச் சிக்கல் ஆகக் கூட வருகிறது, ஏனென்றால் ஆர்வத்தில் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைத்துவிடுகிறோம்.

எக்ஸ்ட்4இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. என்.டி.எஃப்.எஸ்ஸில் எல்லை பைட்டில் இல்லை, 255 யூனிகோட் அலகு. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான், தமிழுக்கு ஒன்றல்ல. லினக்ஸ் பாவிக்கிற யூ.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 'யாழ்ப்பாணம்' என்பது கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு அரவு (ா), புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி, ஆக 11 குறி, 33 பைட். கணக்குப் பார்த்தால் எக்ஸ்ட்4இல் 85 தமிழ்க் குறிக்கு மேல் ஏறாது. விண்டோஸில் நிம்மதியாக இருந்த பெயர் லினக்ஸுக்கு வந்ததும் 'ஃபைல் நேம் டூ லோங்' என்று விழும், பிழை எண் 36.

இதைவிடக் கடுமையான இடமும் உண்டு. ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறைகுறியாக்க முறை கொண்டு பூட்டிய போல்டரில், சில நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிகளின் பூட்டிய பகிர்வுகளும் இதில் அடங்கும், எல்லை ஏறத்தாழ 143 பைட். 'பிள்ளையார் கோவில் கும்பாபிஷேகச் சிறப்பு மலர் பக்கம் 012' என்று பெயர் வைத்து, முடிவில் ஜேபெக்கின் புள்ளியும் மூன்று எழுத்தும் சேர்த்தால் 151 பைட். எக்ஸ்ட்4இல் ஏறும், பூட்டிய போல்டரில் ஏறாது. ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்க்குமுன்னே இந்த நிலை. நான் சொல்வது: கோப்புக்குச் சின்னதாக ஓர் இலக்கக் குறியீடு வையுங்கள், முழுத் தலைப்பை ஒரு எக்ஸெல் தாளில் எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'கோவில்' என்ற போல்டர் ஒரே இடத்தில் இரண்டு கிடக்கும், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஓகாரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் பின்னால் அரவுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படியே. எச்.எஃப்.எஸ் பிளஸ் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸ், லினக்ஸ் தட்டச்சு முறைகள் பெரும்பாலும் சேர்த்தே எழுதும். எக்ஸ்ட்4 பைட்டை மட்டும் ஒப்பிடுவதால் அதற்கு அவை இரண்டு வேறு பெயர். மக்கிலிருந்து வந்த போல்டரில் 'கொன்வ்எம்வி' கருவியை 'என்எஃப்சி' தெரிவோடு ஓட்டினால் எல்லாம் சேர்ந்த வடிவுக்கு வரும். முதலில் வெறும் ஒத்திகையாகத்தான் காட்டும், பார்த்துவிட்டு 'நோடெஸ்ட்' கொடுங்கள். ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதிலாக 'ள' அடித்து வைத்த பெயர்களை எந்தக் கருவியும் திருத்தாது, கையால்தான் திருத்த வேண்டும்.

பாமினி எழுத்துருக் காலத்துப் பெயர்களும் இன்னும் பழைய டிஸ்குகளில் கிடக்கின்றன. அதில் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி. டிஸ்க் அதை ஏற்கும், ஆனால் லினக்ஸ் ஷெல்லில் அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று அர்த்தம். ஸ்கிரிப்டில் பெயரை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் ஒரு பெயர் நாலு கட்டளையாகச் சிதறும்.

மற்றபடி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், நேர்கோடு, இரட்டை மேற்கோள், கோண அடைப்புகள், பின்சாய்கோடு இவற்றை ஃபாட்டும் எக்ஸ்ஃபாட்டும் ஏற்காது. லினக்ஸ் 'இன்வலிட் ஆர்கியுமென்ட்' என்று 22ஐத் தரும். முகூர்த்த நேரத்தை 10:30 என்று முக்காற்புள்ளி போட்டுப் பெயரில் எழுதியவர்கள் கவனிக்கவும். என்.டி.எஃப்.எஸ் டிஸ்கில் லினக்ஸ் இப்படியான பெயரை எழுதவும் விட்டுவிடும், பிறகு விண்டோஸால்தான் திறக்க முடியாது. மவுண்ட் செய்யும்போது 'விண்டோஸ் நேம்ஸ்' தெரிவு கொடுத்தால் எழுதும்போதே மறுக்கும்.

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறுபடி கொப்பி பண்ணுகிறது

ஃபாட்டில் கோப்பு மாறிய நேரம் இரண்டு செக்கனுக்கு ஒன்றாகத்தான் பதிவாகும். ஒற்றைச் செக்கன் வித்தியாசத்தைப் பார்த்து ஆர்சிங்க் கோப்பு மாறிவிட்டதென்று நினைக்கும். 'மொடிஃபை விண்டோ' தெரிவை 1 ஆக்குங்கள்.

வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடமாக இருந்தால் அது நேர வலயம். ஃபாட் உள்ளூர் நேரத்தை எழுதும், எந்த ஊர் நேரம் என்று எழுதாது. கணினி அதை யூ.டி.சி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணித்தியாலம் தள்ளிவிடும். மவுண்டில் 'டைம் ஒஃப்செட்' 330 நிமிடம் கொடுத்தால் சரியாகும். பழைய கார்டுகளில் அரை மணித்தியாலம் மட்டும் பிசகினால் திகைக்க வேண்டாம். இலங்கையின் நேரம் 1996 இல் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் பெரும்பகுதியில் அது ஆறு.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்', ஆனால் இடம் இருக்கிறது

எண் 28. ஃபாட்32இல் ஒரு போல்டருக்குள் 65,536 பதிவு வரைதான் முடியும். ஒரு கோப்புக்கு ஒரு பதிவு என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப் பெயர் நீளப் பெயராகவே எழுதப்படும், 13 குறிக்கு ஒரு பதிவும், அதோடு குறும்பெயருக்கு ஒன்றும் போகும். 30 குறியுள்ள பெயர் என்றால் 4 பதிவு, அப்படிப் பார்த்தால் 16,000 பக்கத்தோடு போல்டர் நிரம்பிவிடும். ஆண்டுவாரியாக உள் போல்டர் பிரியுங்கள். எக்ஸ்ட்4இல் இதே செய்தி வந்தால் ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்திருக்கலாம், 'டிஎஃப்' கட்டளையை 'ஐ' தெரிவோடு பாருங்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு

முறைமையின் பெயரைப் பார்த்து, ஃபாட் என்றால் இப்படி, என்.டி.எஃப்.எஸ் என்றால் அப்படி என்று கிளை பிரித்து எழுதாதீர்கள். ஒரே முறைமை மவுண்ட் தெரிவுக்கும் கேர்னல் பதிப்புக்கும் ஏற்ப வேறு மாதிரி நடக்கும். என்.டி.எஃப்.எஸ்ஸுக்கே லினக்ஸில் பழைய என்.டி.எஃப்.எஸ்-3ஜி ஒன்று, 2021 இல் 5.15 கேர்னலோடு வந்த புதிய டிரைவர் ஒன்று. நெட்வொர்க் பகிர்வு என்றால் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியவே வராது. கோப்பு போகிற அதே போல்டரில் ஒரு சின்னக் கோப்பை உண்டாக்கி, தேவையான வேலையைச் செய்து பாருங்கள். முடிகிறதா இல்லையா என்று கேட்டு, பதிலைக் குறித்துவைத்துக்கொண்டு தொடருங்கள். கிட் புது ரெப்போ உண்டாக்கும்போது சிம்லிங்க் முடியுமா, அனுமதி பிட் நிற்குமா என்று இப்படித்தான் பார்க்கிறது.

பிழை வந்தால் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. வேகமான கொப்பி வழி 18, 22, 95 தந்தால் சாதாரணமாக வாசித்து எழுதும் வழிக்கு இறங்குங்கள், பயனாளருக்குச் சொல்லக்கூடத் தேவையில்லை. உரிமையாளரை, அனுமதியை வைக்க முடியவில்லை என்றால் வேலையைத் தொடரலாம், ஆனால் முடிவில் ஒரு தடவை சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வந்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள். 27, 28, 30 வந்தால் இறங்கிப்போக இடமில்லை, அரைகுறைக் கோப்பை அழித்துவிட்டு நிறுத்துங்கள்.

இறங்கவே கூடாத இடமும் உண்டு. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பாவிக்கிற எஸ்.எஸ்.எச் தனிச் சாவியை ஃபாட் பென்ட்ரைவில் வைத்தால், எல்லாரும் வாசிக்கலாம் என்ற அனுமதிதான் தெரியும். எஸ்.எஸ்.எச் அதைக் கண்டதும் பாவிக்க மாட்டேன் என்கிறது, அது சரியான முடிவு. இரகசியம் எழுதுகிற நிரல் எதுவானாலும் அனுமதியைச் சுருக்க முடியாத இடத்தில் எழுத மறுக்க வேண்டும்.

கடைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. எஸ்.கியூ.லைட் தரவுத்தளக் கோப்பை நெட்வொர்க் பகிர்வில் வைத்து இரண்டு கவுண்டரிலிருந்தும் திறக்கிற அமைப்புகளைக் காண்கிறேன். அதன் 'வால்' முறை, அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை, நெட்வொர்க் முறைமையில் வேலை செய்யாது, ஏனென்றால் எல்லா நிரலும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர வேண்டும். வால் இல்லாவிட்டாலும் பகிர்வின் பூட்டுகளை நம்பி இருக்க வேண்டியதுதான், அவை பல அமைப்புகளில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. ஒரு நாள் 'டேட்டாபேஸ் இஸ் லொக்ட்' என்று வரும், இன்னொரு நாள் கோப்பே பழுதாகலாம். கோப்பை ஒரே கணினியில் வைத்து, மற்றக் கவுண்டர்கள் அந்தக் கணினியில் ஓடுகிற சின்ன சேர்வர் ஒன்றோடு பேசும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற சேர்வர் தரவுத்தளம் ஏதாவதொன்றுக்குப் போய்விடுங்கள்.